மாதுளைக்குப் பின்னால் என்ன நிறம்?

உடைத்த மாதுளையில் ஒரு முத்து ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்தாலே பெரிது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை எஃப் 2.8-இல் முழுக்கத் திறந்து, முத்தின் பிம்பம் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்வரை நெருங்கினால், கூர்மையாகப் பதிவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான். முன்பக்க வளைவில் ஓர் ஒளிப்பொட்டு, சாற்றுக்குள் மங்கலாகத் தெரியும் விதை, சவ்வின் ஓரத்தில் ஒரு கோடு. அடுத்த வரிசை முத்துகளே சிவப்புப் புகையாகிவிடும்.

இந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பவர்கள் கூர்மையான இடத்தைத்தான் பாராட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மங்கிய பகுதியை. ஃபோகஸ் விலகும்போது உருவம் கரைகிறது, நிறம் தங்கிவிடுகிறது. பின்னாலிருந்த சுவர், ஜன்னல், எவர்சில்வர் தூக்கு எல்லாம் இன்னதென்று தெரியாத வண்ணத் திட்டுகளாகி, படத்தின் பாதிக்கும் மேல் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஆழம் குறைந்த ஃபோகஸும் வண்ண முரணும் எனக்கு இரண்டு உத்திகளாகத் தெரிவதில்லை. லென்ஸை அகலத் திறந்தவர், பழத்துக்குப் பின்னால் என்ன வண்ணம் பூசுவது என்ற கேள்வியையும் தானே தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

அந்த வண்ணம் சும்மா இருப்பதுமில்லை. பாரிஸில் கோப்லின் சித்திரத் திரை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலர் மிஷேல் யூஜின் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருக்கும் நிறம்தான் கறுப்பை வெளிறச் செய்கிறது என்று அவர் கண்டார். நிறங்களின் இந்த உறவைப் பற்றி 1839-இல் தனி நூலே வெளியிட்டார். சாம்பல் சுவரின் முன் சோர்ந்து கிடக்கும் மாதுளை, வாழை இலையின் முன் நிமிர்ந்து உட்காருவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் சிவப்புக்குப் பச்சை என்ற சூத்திரத்தோடு நின்றால் போதாது. முற்றிய வாழை இலையின் கரும்பச்சையும் மாதுளைத் தோலின் சிவப்பும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட சமமாக இருக்கலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பழமும் இலையும் ஒரே சாம்பலில் கலந்துவிடும். மங்கலில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் விளிம்புகளும் அங்கே உதவிக்கு வராது. இளம் குருத்திலையைப் பின்னால் வைத்தால் நிறமும் வேறு, வெளிச்சமும் வேறு. கருநீலத் துணிக்கு முன் பங்கனபள்ளி மாம்பழம் அலட்டாமல் ஜொலிப்பதும் இதனால்தான். கட்டம் போட்ட துணி மட்டும் வேண்டாம். சிவப்பும் பச்சையுமாகப் பொடிக் கட்டங்கள் மங்கினால், இரண்டும் கலந்து அழுக்குப் பழுப்பாகிவிடும்.

பழம் விற்பவர்களுக்குக் கண்ணின் இன்னொரு பலவீனமும் தெரிந்திருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தை ஆரஞ்சு நிற வலைப்பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அகலமான பரப்பு தன் நிறத்திலிருந்து பழத்தைப் பிரித்துக் காட்டும். மெல்லிய இழையோ தன் நிறத்தைப் பழத்தின்மேல் ஏற்றிவிடும். வலையை அவிழ்த்ததும் பழம் கொஞ்சம் வெளுத்தாற்போலத் தோன்றுவது நம் கற்பனையல்ல.

மங்கலுக்கு எதிர்முகாமும் உண்டு. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த ‘பெப்பர் எண் 30’ கறுப்பு வெள்ளைப் படம். அவரும் நண்பர்களும் 1932-இல் தொடங்கிய குழுவுக்கு, கூர்மையின் மேல் இருந்த பிடிவாதத்தால், எஃப் 64 என்ற சிறிய துவாரத்தின் பெயரையே வைத்தார்கள். நிறம் இல்லாதபோது ஒவ்வொரு மடிப்பும் பேசியாக வேண்டும், அதனால் அங்கே மங்கலுக்கு வேலை இல்லை. நிறம் இருந்தும் மங்கல் தேவைப்படாத படமும் உண்டு. ஓவியர் காரவாஜியோ தீட்டிய பழக்கூடை மிலானின் அம்ப்ரோசியானா கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் பூச்சி அரித்த ஆப்பிளும் காய்ந்து சுருண்ட இலையும் துல்லியமாகத் தெரிகின்றன, பின்னால் வெறும் வெளிர்மஞ்சள். லென்ஸ் மங்கலால் செய்வதை அவர் அறையையே தீட்டாமல் விட்டுச் செய்துவிட்டார்.

எவ்வளவு மங்க வேண்டும் என்பதில் எனக்குக் கஞ்சத்தனம் உண்டு. முழுச்சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 45 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையின் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆப்பிளின் கன்னத்தில் ஒரு தேமல் அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். எஃப் 4-இல் அது இரண்டு சென்டிமீட்டருக்கு அருகில் வரும். காம்பும் அதைச் சுற்றிய குழியும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும், பின்னணியும் நிறமாகவே இருக்கும். பழத்தின்மேல் தண்ணீர் தெளித்து எடுக்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்காது. கம்பம் பன்னீர் திராட்சையின் கருநீலத் தோலில் இயற்கையாகவே சாம்பல் பூத்திருக்கும். விரல் பட்ட இடத்தில் அது அழிந்து தடம் தெரியும். மஞ்சள் பின்னணியில் அந்தச் சாம்பலைப் போல அழகு சேர்ப்பது வேறில்லை, நீர் பட்டால் அது மங்கிவிடும்.

போன்களின் போர்ட்ரெய்ட் மோடைச் சோதிக்கவும் அதே திராட்சைக் கொத்து போதும். அங்கே மங்கலின் பெரும்பகுதி கணக்குப் போட்டு வருவது. காம்புகளுக்கு இடையே தெரியும் பின்னணியை அது அடிக்கடி மங்க வைக்க மறந்துவிடும், மெல்லிய காம்பின் நுனியைப் பின்னணியென்று நினைத்து அழித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், கூர்மை ஒரு பழத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல மெல்லக் குறையாமல் சட்டென்று முறியும். கண் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த முறிவைப் பிடித்துவிடுகிறது.