நாரை கேட்ட வரம்

பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் தொழிற்சாலையையும் மேம்பாலத்தையும் தெரியாதவர்கள் சென்னையில் குறைவு. அதே பாடியில் இருக்கும் திருவலிதாயம் கோயிலுக்கு வியாழக்கிழமைகளில் குரு பகவானைக் கும்பிடக் கூட்டம் வருகிறது. ஆனால் தலபுராணத்தைக் கேட்டால், அங்கே முதல் அடியார் ஒரு கரிக்குருவி. வலியன் என்று பெயர் பெற்ற அந்தப் பறவையின் வடிவில் பரத்வாஜ முனிவர் வந்து சிவனை வழிபட்டார் என்கிறது கதை. சம்பந்தர் பாடிய தலம். முதல் திருமுறையின் மூன்றாம் பதிகம் இதற்குரியது. அம்பத்தூரைத் தாண்டி ஆவடிப் பக்கம் போனால் திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றதாம். கொடியை வெட்டிய வாள் லிங்கத்தில் பட்டு ரத்தம் பெருகியதாம். பிறகு ஓணன், வாணன் என்ற குறும்பரை வெல்ல மன்னனுக்குத் துணையாக நந்தியே புறப்பட்டது. அதனால்தான் அங்கே நந்தி லிங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.

குருவியாகிவிட்ட முனிவர், போருக்குக் கிளம்பிய காளை. இங்கிலாந்தில் இப்படியொன்று எழுதப்பட்டிருந்தால் சிறுவர் மாயக்கதை அலமாரியில் நல்ல அட்டையோடு நின்றிருக்கும். நம்மிடம் இது கோயில் வாசலில் விற்கும் தலவரலாற்றுச் சிறுபுத்தகத்தில், அபிஷேகக் கட்டண விவரத்துக்கும் பஸ் வழித்தடத்துக்கும் நடுவே கிடக்கிறது.

அந்த அலமாரியில் முதலில் கைக்கு வருவது சி. எஸ். லூயிஸின் நார்னியா. 1950 முதல் 1956 வரை வெளிவந்த ஏழு நூல்கள். துரோகம் செய்த எட்மண்ட் என்ற பையனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் கல்மேசை மேல் உயிரைக் கொடுத்து, விடியலில் எழுந்து வருகிறது. சிலுவையை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் லூயிஸே இதை உருவகக் கதை என்று ஒப்புக்கொள்ளவில்லை. விலங்குகள் பேசும் ஓர் உலகம் உண்மையிலேயே இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்ற கற்பனைதான் அது என்று 1958இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். உருவகத்துக்கு அவர் காட்டிய உதாரணம் ஜான் பனியனின் 'மோட்ச பிரயாணம்'; அதில் வரும் அரக்கன் அவநம்பிக்கைக்கு மனித உரு கொடுத்தது மட்டுமே.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை நினைவுக்கு வர வேண்டும். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான அவர், பனியனின் கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக 1894இல் தந்தார். கம்பனை ஊறப்போட்ட நடை. முழுமையான சமய உருவகம் ஒன்று தமிழில் இருக்கிறதென்றால் முதலில் அதைத்தான் காட்டுவேன். ஆனால் குழந்தைகள் கைக்கு அது போகவில்லை; அது அவர்களுக்காக எழுதப்பட்டதும் அல்ல.

பேசும் விலங்குகளைத் தேடினால் மதுரைக்குத்தான் போக வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்கள். 47ஆவது, கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம். பாடிக் குருவிக்கு இது உறவு என்றே சொல்லலாம். காக்கைகள் கொத்திக் கொத்தி விரட்டிய எளிய பறவை, மதுரையின் பெருமையைப் பிறர் பேசக் கேட்டுப் பறந்து வந்து, மந்திர உபதேசத்தோடு வலியன் என்ற பெயரையும் பெறுகிறது. அடுத்தது, நாரைக்கு முத்தி கொடுத்த படலம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு குளம் வற்றிவிடுகிறது. மீன் தின்று வாழ்ந்த நாரை இரை தேடி, முனிவர்கள் நீராடும் வேறொரு குளத்துக்கு வருகிறது. அங்கே மீன்கள் முனிவர்களின் சடையிலும் தோளிலும் துள்ளி விளையாடுகின்றன. இந்தப் புனிதமான உடம்புகளைத் தொட்ட மீனை எப்படித் தின்பது என்று நாரை பசியோடு நிற்கிறது. முனிவர்கள் பேச்சில் மதுரையைப் பற்றிக் கேட்டு, பொற்றாமரைக் குளத்துக்கு வந்து தினமும் மூழ்கி இறைவனை வணங்குகிறது. ஒருநாள் பசி பொறுக்க முடியவில்லை. மீன் எதிரே துள்ளுகிறது. அலகு நீளவில்லை. சிவன் வந்து என்ன வேண்டும் என்று கேட்க, நாரை இரண்டு வரம் கேட்கிறது. ஒன்று, சிவலோகம். மற்றது, இந்தக் குளத்தில் இனி மீனே இருக்கக் கூடாது. பின்னால் வரும் என் இனத்தார் ஆசைப்பட்டு இங்கே பாவம் செய்துவிடக் கூடாது.

இரண்டாவது வரம் என்னை அசத்துகிறது. தன் மனவுறுதியில் நாரைக்குச் சந்தேகம் இல்லை. பசித்து வரப்போகிற இன்னொரு நாரைக்காகக் கவலைப்படுகிறது.

இதே பறவை, ஏறக்குறைய இதே குளம், பஞ்சதந்திரத்தில் வேறு கதையாகிறது. கிழக் கொக்கு விரதம் பூண்டதுபோல் நிற்கிறது. குளம் வற்றப்போகிறது என்று அழுகிறது. வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்கிறது. கடைசியில் நண்டிடம் கழுத்தறுபடுகிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையும், அதன் காலடியில் எலிகளும் இதே கேலிதான். போலித் தவசியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியத்தை ஒரு மரபு சொல்லித்தருகிறது. இன்னொரு மரபு, கொக்கே உண்மையான தவசி ஆகலாம் என்கிறது.

அஸ்லானிடமிருந்து இந்த நாரை பிரியும் இடமும் இதுதான். நார்னியாவில் விலங்கின் தோலுக்குள் கடவுள் இருக்கிறார். குழந்தை அவரை நம்ப வேண்டும், பின்தொடர வேண்டும். மதுரையில் கடவுள் கடவுளாகவே வருகிறார். விலங்கின் தோலுக்குள் இருப்பது பசியும் தயக்கமும் உள்ள ஓர் உயிர்; கதை கேட்கும் குழந்தை அதன் பக்கத்தில் நிற்கிறது.

மற்றச் சமயங்களிலும் தேடிப் பார்க்கலாம். மான் ஒன்றே போதும். புத்த ஜாதகக் கதையில், கருவுற்ற பெண்மான் சாக வேண்டிய முறை வரும்போது, ஆலமர மான் என்ற தலைவன் தன் கழுத்தைக் கொலைக்கட்டையில் வைக்கிறான். எட்மண்டுக்காக அஸ்லான் செய்ததற்கு இது மிக நெருக்கம். ஆனால் இங்கே மான் சாவதில்லை, காசி மன்னனின் மனம் மாறுகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், வலையில் சிக்கிய மான் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று நபிகள் நாயகத்திடம் கெஞ்சுகிறது. அவர் அதற்காகப் பிணை நிற்கிறார். வேடன் நம்பவில்லை. மான் குட்டியையும் கூட்டிக்கொண்டு சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. வேடன் இஸ்லாத்தை ஏற்கிறான். சமணத்தில் சீவகன் சாகக்கிடக்கும் நாயின் காதில் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்ற தேவனாகிறது. யசோதர காவியம் இன்னும் கடுமை: மாவால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்து பிறவிதோறும் அலைகிறார்கள்.

இவ்வளவும் இருக்க, தமிழ்க் குழந்தைக்குப் பரவலாகக் கிடைத்தது ஏமாற்றுக் கொக்குதான். இதில் அச்சுக்கும் பள்ளிக்கும் பங்கு உண்டு. தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர வசனம் 1826இல் வந்தது. உரைநடை படிக்கப் பாடமாகவும் ஆனது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்காரும் வகுப்பில் நாரையைச் சொல்ல மதுரைக் கோயிலையும் கூட்டிவர வேண்டும். கொக்குக்கு ஒரு நீதி போதும். ஆசிரியரின் சங்கடம் புரிகிறது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா புராணத்தையும் மாயத்தையும் கூச்சமில்லாமல் கலந்தது. அமர் சித்திரக் கதைகளும் அப்படியே. பூந்தளிரில் வந்த கபீஷ் குரங்கும் காக்கை காளியும் மறுபடி பஞ்சதந்திர வம்சம்: புத்தி இருந்தால் பிழைக்கலாம்.

இன்றைய தமிழ்ச் சிறார் எழுத்தில் கணிசமான பகுதி முற்போக்கு முகாமிலிருந்தும், 1987இல் 'துளிர்' இதழைத் தொடங்கிய அறிவியல் இயக்கத்தின் சூழலிலிருந்தும் வருகிறது. அங்கே யானையும் தவளையும் காட்டைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பேசுகின்றன. சாமி வருவதில்லை. கடவுள் கதை என்றாலே மதவாதம் என்ற அச்சம் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இன்றைய நாட்டுநடப்பில் அந்த அச்சத்தைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. ஆனாலும் உபதேசத் தொனி அப்படியே தங்கிவிட்டது. பல கதைகளில் தவளை ஒரு சுற்றுச்சூழல் கட்டுரையை வாசித்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறது.

நம்பிக்கை இல்லாதவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. லூயிஸை வெறுத்த பிலிப் புல்மன் பேசும் விலங்கைக் கைவிடவில்லை. 1995 முதல் 2000 வரை வந்த தன் மூன்று நாவல்களில் ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவையும் பேசும் விலங்காக அவன் பக்கத்திலேயே நடக்கவிட்டார். திருச்சபையோடு சண்டையும் அந்தக் கதைக்குள்ளேயே நடந்தது. நம் புராணங்களோடு அப்படி மல்லுக்கு நிற்கிற சிறுவர் நாவலைத் தமிழில் நான் இன்னும் படிக்கவில்லை. எழுத நினைப்பவருக்குப் பொற்றாமரைக் குளத்திலேயே கரு இருக்கிறது. நாரை கேட்டது, சிவன் கொடுத்தார். குளத்தை விட்டுப் போகச் சொல்லி மீன்களுக்கு யார் தகவல் சொன்னார்கள், அவை எந்தக் குளத்துக்குப் போயின, அங்கே எத்தனை நாரைகள் நின்றிருந்தன என்று புராணம் சொல்லவில்லை.