அப்பன் கொல்லை, மகள் பாட்டு

அமெரிக்கக் கன்ட்ரி பாடல்களில் பாட்டன் விட்டுப்போன பண்ணையைப் பேரன் பெருமையாகப் பாடுவான். பாடுகிறவனே வாரிசு. தமிழ் நாட்டார் பாடல்களிலும் அந்தப் பெருமைக்குக் குறைவில்லை. பாடுகிறவள்தான் வாரிசு இல்லை. தாலாட்டில் தாய்மாமன் வயலும் மாடும் வரிசையாக வரும். ஒப்பாரியில் அப்பன் வீட்டுக் களஞ்சியம் நிரம்பி வழியும். பாடுபவளோ புகுந்த வீட்டில் இருக்கும் மகள்.

தொகுப்பாளர்கள் இதில் அதிகம் நின்றதில்லை. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’யாக 1958இல் பதிப்பித்தார். 1964இல் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. பாட்டை அதைப் பாடுகிறவர்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் வானமாமலை. துறையின் பெரிய திருப்பம் அது. ஆனாலும் தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி எனச் சந்தர்ப்பம் பார்த்துப் பிரிக்கும் பழக்கம் மாறவில்லை. நிலம் எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப்போனது.

பாடும் நிலமும் அதன் உரிமையும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதை ஜவ்வாது மலையில் வைத்துப் பார்க்கலாம். புதூர்நாடு, நெல்லிவாசல், ஜமுனாமரத்தூர் என்று சாமையும் கேழ்வரகும் விளையும் ஊர்கள். மலையாளிப் பழங்குடியினரின் மண் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் வீட்டிலும் பேசுவது தமிழ்தான்). 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் நூலில் இவர்களின் பூர்வகதை இருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டு, கிடைக்காமல், ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்கப் புறப்பட்ட எழுவர், கூட வரும் நாய்கள் தனியே திரும்பினால் தாங்கள் செத்ததாக எண்ணிக்கொள்ளும்படி மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்று வெள்ளத்தைக் கண்டு நாய்கள் திரும்பிவிட்டன. வேடரைக் கொன்று இவர்கள் ஊர் வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது, ஏற்க ஆளில்லை. வேடப் பெண்களை மணந்து மலையேறினார்கள்.

இதைச் சரித்திரம் என்று நான் கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கதையின் நாயகன் பாட்டன் சொத்தை வாங்கியவன் அல்ல. உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரி வைத்து முடிக்கப்பட்டவன். காடு திருத்திய உழைப்பைத் தவிர அவனுக்கு வேறு பத்திரம் கிடையாது.

காட்டு நிலத்துக்குப் பத்திரம் பெறும் வழி 2006 வன உரிமைச் சட்டத்தோடு வந்தது. அதன்படி தரும் பட்டா பிள்ளைகளுக்கு இறங்கும், விற்க முடியாது. மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பேரிலும் தர வேண்டும். மகள் விஷயம் வேறு. 1989இல் தமிழகம் அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்தது, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி. அந்தச் சட்டமோ, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பழங்குடியினருக்குப் பொருந்தாது. சமவெளி மகளுக்குச் சட்டத்திலாவது கிடைத்தது மலைமகளுக்கு எட்டவில்லை.

ஆண்களையும் நிலம் முழுதாகத் தாங்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கூலிக்கு மலை இறங்கியவர்களின் வீடுகளில் அழுத பாட்டையும் சேர்க்காமல் நிலப்பெருமையை மட்டும் தொகுத்தால் அது அரைத் தொகுப்பு.

இனி அந்த மலைக்குப் பாட்டுச் சேர்க்கப் போகிறவர்கள், பாடும் பெண்ணிடம் அந்தக் கொல்லை யார் பேரில் இருக்கிறது என்றும் கேட்டு, பாட்டின் கீழே எழுதிவைக்க வேண்டும்.