மெடான் வீதியில் மதுரை

கடல் கடந்தோரைப் பற்றிய நம் கதைகள் பெரும்பாலும் ஊர் ஏக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) அவ்வாறு நின்றுவிடவில்லை. சிங்கம்புணரியில் பிறந்து 1938-இல் இந்தோனேசியா சென்ற ஆசிரியர், போர்க்கால மெடானையும் பினாங்கையும் வேடிக்கை பார்க்கும் பயணியாக அல்லாமல், அங்கே உழைத்துப் பிழைத்தவராக எழுதுகிறார். மலாய்ச் சொல்லும் வட்டிக்கடைப் பேச்சும் அவர் நடையில் அலங்காரமல்ல, அன்றாடப் புழக்கம்.

மெடானில் இருக்கும் பாண்டியனின் மனம் மதுரை வீதிகளில் அலைகிறது. ஊர்கள் இரண்டும் ஒன்றினுள் ஒன்று புகுந்துகொள்கின்றன. வெளியூரில் வாழும் நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. எனினும் ஊர்ப்பாசத்துக்கு ஆசிரியர் சலுகை காட்டுவதில்லை. தமிழரின் பழம்பெருமைப் பேச்சைப் பாண்டியனும் நண்பர்களும் மதுக்கிண்ணத்தோடு அமர்ந்து எள்ளி நகையாடும் பகுதிகள், சங்க மேடைகளில் வீற்றிருக்கும் நம்மனோர்க்குச் சற்றே உறைக்கும். உறைக்கட்டும். அவ்விவாதங்கள் சிலவிடத்துக் கதையை நிறுத்திவிடுகின்றன என்பதும், பெண்கள் நிழல்களாகவே வந்து மறைகின்றனர் என்பதும் குறைகளே.

தாயகம் மீள முடிவெடுத்த பாண்டியனை ஆசிரியர் மீள விடவில்லை. 1946-இல் திரும்பிவந்த சிங்காரமோ, மதுரையில் நாளிதழ்ப் பணி செய்துகொண்டு, பல்லாண்டுகள் விடுதி அறையொன்றில் தனியராகவே வாழ்ந்தார்.