டப்பாவின் மேல் உள்ள எண்

எண் பெரிதானால் எண்ணெய் கெட்டி, கெட்டியானால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று அதிவேகக் கார் வைத்திருப்போர் பலர் நம்புகின்றனர். இதற்கு எஸ்.ஏ.இ. தரமுறையும் ஒரு காரணம்.

10டபிள்யூ-60 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். 60 என்பது 100° செ.யில் பாகுநிலை 21.9 முதல் 26.1 சென்டிஸ்டோக்ஸ் வரை இருப்பதைக் குறிக்கும். இது எண்ணெய் நுண்குழாய் வழியே தன் எடையால் வழியும்போது அளப்பது. பேரிங்கிலோ அது மெல்லிய படலமாகி, கடும் வெப்பத்தில் மிக விரைவாகச் சறுக்குகிறது. அப்போது அதில் கலந்துள்ள பாலிமர் மூலக்கூறுகள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, எண்ணெய் இளகிவிடும்.

இந்நிலையை அளக்க 150° செ.யில் தனிச் சோதனை உண்டு. அதில் 60-க்கு விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 3.7 மில்லிபாஸ்கல்-விநாடி. 15டபிள்யூ-40-க்கும் அதே 3.7 தான்! டப்பாவில் இவ்வளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. இத்தரமுறையின் பெருங்குறை இதுவே.

2003ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. எம்3 காருக்கு 10டபிள்யூ-60 விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் போர்ஷே 911-க்கு 0டபிள்யூ-40 போதுமானதாக இருந்தது. இரண்டும் அதிவேகக் கார்களே. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய், குளிர்ந்த எஞ்சினில் பேரிங்கை அடையத் தாமதிக்கும். ஆகவே வாசகர்களே, எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கையேட்டிலுள்ள அங்கீகாரக் குறியையும், விவரத்தாளிலுள்ள 150° அளவையும் பார்த்து வாங்குங்கள்.