வார்லி ஓவியமும் நெய்தற் கருப்பொருளும்

மராட்டிய மாநிலத்தின் பால்கர், தாணே மாவட்டங்களில் வாழும் வார்லிப் பழங்குடியினர்தம் ஓவியங்களைக் காணும் தமிழ் மாணாக்கர்க்கு ஐந்திணை நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின், இரண்டும் இயற்கையைப் போற்றுவன என்று கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. ஒற்றுமை எத்துணையளவிற்று, வேற்றுமை யாண்டுத் தொடங்குகின்றது என்பனவற்றை மீன்பிடித்தல் என்னும் ஒரு தொழிலைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

செம்மண்ணும் சாணமும் மெழுகிய சுவரில், பிசினொடு குழைத்த அரிசிமாவைக் கொண்டு, நுனி மென்ற மூங்கிற் குச்சியால் தீட்டப்பெறுவன இவ்வோவியங்கள். வட்டம், முக்கோணம், சதுரம் என்பனவே இவற்றின் அடிப்படை வடிவங்கள். திருமணத்தின்போது மங்கல மகளிர் ‘சௌக்’ எனப்படும் சதுரம் வரைந்து, அதன் நடுவே வளத்தின் தெய்வமாகிய பாலகட்டை எழுதுவர். மரமும் விலங்கும் மாந்தர் தொழிலும் அதனைச் சூழ அமையும். சுவரிலிருந்த இக்கலை 1970-களில் தாளிற்கும் துணிக்கும் பெயர்ந்தது. அக்காலந்தொட்டு இதனை உலகறியச் செய்தவருள் தலையாயவர் 2018-இல் மறைந்த ஜிவ்யா சோமா மாசே ஆவர். அவர்தம் மீன்வலை ஓவியங்களில் வலையே பரப்பினை ஆள்கின்றது; எண்ணிறந்த நுண்கோடுகள் வலைக்கண்களாகப் பின்னிக் கிடக்கின்றன. வலைஞனோ சிற்றுருவாய் நிற்கின்றான். அவன் முகத்தில் உணர்ச்சி எழுதப்பெறவில்லை.

இனி, நம் நெய்தற் பாடலை நோக்குவோம். குறுந்தொகை 269-ஆம் பாடலில், சுறா எறிந்த புண் ஆறிய தந்தை மீண்டும் கடல் புகுகின்றான்; தாய் உப்பு விற்று நெல் பெறச் செல்கின்றாள். இவ்விரு செய்திகளும் தலைவன் வருதற்கு ஏற்ற பொழுது இதுவே என்பதைப் புலப்படுத்தவே வந்தன. மீன்பிடித் தொழில் ஆண்டு மெய்யாகவே உளது; புண்ணும் உளது. எனினும் அத்தொழில் தன்பொருட்டு நில்லாது, காதலர் நெஞ்சின்பொருட்டு நிற்கின்றது. கருப்பொருள் உரிப்பொருட்குத் துணையாதல் என்னும் நெறி இதுவே.

வார்லி ஓவியத்திலோ தொழிலே உரிப்பொருளாகின்றது. மற்றுமொரு வேறுபாடும் நோக்கற்பாலது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. சௌக்கில் தெய்வமே நடுவிடம் பெறுகின்றது. எனவே வார்லிச் சுவரினைத் ‘திணை ஓவியம்’ என்றல் பொருந்தாது என்பது எம் துணிபு. இதனால் அகப்பாடல் தாழ்ந்ததென்பதன்று. மனித நெஞ்சை நுணுகிக் காண்டற்கு அது வகுத்துக்கொண்ட எல்லை அது.

அவ்வெல்லையை அறிதல் நமக்கு இன்றியமையாதது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரளித்த மரம் அணித்தேயுள்ள பிச்சாவரத்து உவர்நீர்க் காட்டில் இன்றும் வளர்கின்றது. அந்நீரில் இருளர் மக்கள் வலையின்றிக் கையாலேயே துழாவி இறாலும் நண்டும் பிடிக்கின்றனர். பரதவர், நுளையர் எனத் தொடரும் நெய்தல் மாந்தர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலைக் கொண்டே நிலத்தை அளப்போமாயின், அவர் தொழில் நம் கண்ணுக்குப் புலனாகாது. தொழிலைத் தொழிலாகவே காணும் வார்லி ஓவியர் நோக்கு, திணைக்கல்விக்கு மாற்றன்று. அதன் விளிம்பில் விடுபட்டோரைக் காட்டும் துணையாகும். அந்நோக்கொடு நம் கழிக்கரையை ஆராய்தல் இளம் ஆய்வாளர் கடன் என்க.