ஒரே அளவுகோல்: கிறித்தவத்தைத் தமிழில் விசாரித்த மரபுகள்

வடசென்னையை அடுத்த அத்திப்பட்டுக்கு வடக்கே பழவேற்காட்டில், 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் மாதா கோயில் இருக்கிறது. அதே ஊரில் 1613-இல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் சீர்திருத்தச் சபையினர். ஒரே ஏசுவின் பெயரைச் சொல்லி வந்த இரு வல்லரசுகள் இந்தக் கரையில் ஒன்றையொன்று பகைத்தன. தெற்கே ராயபுரத்தில் இராயப்பர் கோயிலைக் கட்டியவர்கள் படகுத் தொழிலாளர்கள். அதை நிர்வகிக்கும் உரிமை கட்டியவர்களுக்கா, ஆயருக்கா என்ற சச்சரவு அந்தக் கோயிலின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. வடசென்னையில் திருச்சபையின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்களில் விசுவாசிகளும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாத்திகர்கள்தாம் கேட்டார்கள் என்று நினைப்பது வரலாற்றைப் பாதியாகப் படிப்பது.

அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் தோளோடு தோள் நின்று வேலை பார்த்துவிட்டு, ஞாயிறும் வெள்ளியும் வெவ்வேறு வாசல்களுக்குப் போகிறவர்கள் வாழும் பகுதி இது. இங்கே மத விமர்சனம் என்றாலே பக்கத்து வீட்டுக்காரரைப் புண்படுத்தும் வேலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் கிறித்தவத்தின் தோற்றத்தையும் கோட்பாட்டையும் பொதுவாழ்வில் அதன் இடத்தையும் விசாரித்த மரபு ஒன்று தமிழில் முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதன் கிளைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. தன் மதத்தின் மேல் வைத்த அளவுகோலையே அடுத்தவர் மதத்தின் மேலும் வைத்தவர்கள் எழுதியதே நிலைத்திருக்கிறது. மற்றவை மதச்சண்டையின் துண்டறிக்கைகளாகவே முடிந்தன.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், உள்ளூர்த் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் பெற்றார். 1712 முதல் எழுதப்பட்ட அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியாக்கமாக ஹாலே நகரில் அச்சாயின. கிறித்தவர்களின் குடியையும் ஒழுக்கக் குறைவையும் தமிழர்கள் அவற்றில் நேரடியாகச் சுட்டினார்கள். நல்ல வேதம் என்றால் அது வெள்ளைக்காரர் நடத்தையில் ஏன் தெரியவில்லை என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. கோட்பாட்டை நடப்போடு வைத்துப் பார்க்கும் அந்த முறை பின்னால் வந்த எல்லாக் கிளைகளுக்கும் பயன்பட்டது.

யாழ்ப்பாணத்துச் சைவ மறுப்பு மதச்சார்பற்றது அல்ல. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர். 1854-இல் வெளிவந்த அவருடைய 'சைவ தூஷண பரிகாரம்', பழைய ஏற்பாட்டில் வரும் எருசலேம் ஆலயச் சடங்குகளை எடுத்துக்காட்டி, சைவரின் கோயில் வழிபாட்டை மூடத்தனம் என்று பாதிரிகள் எப்படிச் சொல்லலாம் என்று மடக்கியது. எதிர்த்தரப்பின் மூலநூலை அவர்களைவிட ஆழமாகப் படித்துவிட்டுப் பேசும் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கூரிய பார்வை சைவத்தின் மேல், குறிப்பாகச் சாதியின் மேல், திரும்பவே இல்லை. அதனால் அது பெரும் புலமையாக இருந்தும் பாதி விசாரணையாகவே நின்றது.

அளவுகோலை இரண்டு பக்கமும் வைத்தவர்கள் 1880-களின் சென்னைக்காரர்கள். சென்னை லௌகிக சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தச் சிறு குழு 1882 முதல் 1888 வரை தமிழில் 'தத்துவவிவேசினி'யையும் ஆங்கிலத்தில் 'தி திங்க்கர்' இதழையும் நடத்தியது. லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866-இல் தொடங்கிய தேசிய லௌகிக சங்கம் இவர்களுக்கு முன்மாதிரி. பிராட்லா 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றும், நாத்திகர் என்பதால் உறுதிமொழிச் சிக்கலில் மாட்டி, 1886-இல்தான் நாடாளுமன்றத்தில் தடையின்றி அமர முடிந்தது. கிறித்தவ நாட்டிலேயே கிறித்தவத்தைக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதற்காக விலை கொடுக்கிறார்கள் என்ற செய்தி சென்னைக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாதிரியார், ஆட்சியாளர், பள்ளி ஆசிரியர் மூவரும் ஒரே முகமாகத் தெரிந்த காலம் அது.

அவர்கள் விவிலியத்தின் உலகப் படைப்புக் கதையை அறிவியலின் முன் நிறுத்தினார்கள், பாதிரிகளின் வாதங்களை மறுத்தார்கள். அதே ஏட்டில் புராணங்களையும் சோதிடத்தையும் சாதியையும் குழந்தை மணத்தையும் விடவில்லை. அதே 1882-இல் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 'இந்துமத ஆசார ஆபாச தரிசனி'யை வெளியிட்டார். மிராசுதாரர்களின் நில உரிமையை எதிர்த்து எழுதியவரும் அவரே. மண்ணில் நடக்கும் அநீதியைப் பார்த்த கண்ணே மதத்தையும் பார்த்தது. 2012-இல் பேராசிரியர் வீ. அரசு இந்த இதழ்களைத் திரட்டிப் பதிப்பிக்கும்வரை, தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றால் 1925-இல் தொடங்கியது என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தோம். அந்தத் தொகுதிகளை நம் பகுதி நூலகங்கள் வாங்கி வைக்க வேண்டும் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

1925-இல் பிறந்த பெரியாரின் 'குடி அரசு' ஏடு இந்த விசாரணையை மக்கள் இயக்கமாக்கியது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927 மார்ச் 6-ஆம் நாள் லண்டன் பாட்டர்சீ நகர மண்டபத்தில் தாம் ஏன் கிறித்தவர் அல்ல என்று ஆற்றிய உரையைக் குத்தூசி குருசாமி தமிழாக்கினார். அமெரிக்கச் சுதந்திரச் சிந்தனையாளர் இங்கர்சால் தமிழில் வந்தார். வாழ்நாள் முழுதும் பாதிரியாராகப் பணியாற்றி, தாம் இறந்த பிறகு படிக்கும்படி நாத்திகச் சாசனம் எழுதிவைத்த பிரெஞ்சுக்காரர் ஜீன் மெஸ்லியரும் வந்தார். தேவாலயத்துக்குள் ஆதிக்கச் சாதியாரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே உட்காரவைக்கப்பட்டதைச் சுயமரியாதைக்காரர்கள் மேடையில் போட்டு உடைத்தார்கள். திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த விமர்சனங்களில், உள்ளே இருந்த தலித் கிறித்தவர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது இதுதான் என்பேன். கடவுள் உண்டா இல்லையா என்பதில் அவர்கள் பெரியாரோடு உடன்படவில்லை. ஒரே கூரைக்குக் கீழ் ஏன் இரண்டு இருக்கை என்பதில் உடன்பட்டார்கள்.

ஆபிரகாம் கோவூரின் வழி சோதனை. கேரளத்துத் திருவல்லாவில் 1898-இல் பாதிரியார் மகனாகப் பிறந்தவர், தாவரவியல் படித்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். நாவலர் படித்த வெஸ்லியன் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அதுவே. அற்புதத்தை மோசடி இல்லாத நிலையில் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்ச ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் இறக்கும்வரை அதை யாரும் வென்றதில்லை. சாமியார், சோதிடர், சுகமளிக்கும் ஊழியர் எல்லாருக்கும் நிபந்தனை ஒன்றே. 2012-இல் மும்பை வில்லே பார்லேயில் வேளாங்கண்ணி மாதா கோயில் சிலுவையிலிருந்து நீர் சொட்டியபோது, அடைபட்ட வடிகாலின் நீர் சுவரில் நுண்துளை வழியே ஏறிவருகிறது என்று பகுத்தறிவாளர் சனல் எடமருகு விளக்கினார். மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவில் அவர் மேல் புகார்கள் பதிவாயின, அவர் பின்லாந்து போய்விட்டார். ரஸ்ஸல் உரையாற்றிய அதே 1927-இல் கொண்டுவரப்பட்ட சட்டப்பிரிவு அது. கசிவைச் சரிசெய்யக் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வந்திருக்காது.

இனி பகுத்தறிவாளர்களாகிய நம் பக்கத்துக் குறைகள். ரஸ்ஸல் தம் உரையில் ஏசு என்றொருவர் வாழ்ந்தாரா என்பதே ஐயம் என்றார். நம் மேடைகள் அதை இன்றும் திருப்பிச் சொல்கின்றன. கலிலேயாவில் ஏசு என்றொரு போதகர் வாழ்ந்தார், பிலாத்துவின் ஆட்சியில் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதை, விசுவாசம் துறந்த பார்ட் ஏர்மான் உட்பட, இன்றைய வரலாற்றாய்வாளர் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பவுலின் கடிதங்கள் கி.பி. 50-களைச் சேர்ந்தவை. மாற்கு நற்செய்தி ஏறத்தாழ 70-இல் எழுந்தது. நான்கு நற்செய்திகளும் ஏசு பேசிய அரமேயத்தில் அல்லாமல் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. உயிர்த்தெழுதல் வரலாற்றுச் சான்றால் நிறுவக்கூடியது அல்ல என்று சொல்ல இவை போதும். ஏசுவே இல்லை என்று கூவத் தேவையில்லை. ஏசு காஷ்மீருக்கு வந்தார் என்று நம் வார இதழ்கள் அவ்வப்போது அச்சிடும் கதையும் நோட்டோவிச் என்பவர் 1894-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து கிளைத்தது. அடுத்த ஆண்டே ஆர்ச்சிபால்டு டக்ளஸ் அந்தக் கதையின் மூலமாகச் சொல்லப்பட்ட லடாக்கின் ஹெமிஸ் மடத்துக்குப் போய் விசாரித்து அதைப் பொய்யென்று நிறுவினார். திருச்சபைக்குப் பிடிக்காத கதை என்பதாலேயே அது பகுத்தறிவாகிவிடாது.

ஏசுவின் சீடர் தோமா சென்னைக்கு வந்தார் என்ற கதைக்கும் இதே சோதனைதான். மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுந்த 'தோமாவின் பணிகள்' குறிப்பிடும் கொந்தபர் மன்னன் உண்மையானவன், அவன் காசுகள் வடமேற்கு இந்தியாவில் கிடைக்கின்றன. மயிலாப்பூர் அந்நூலில் இல்லை. பரங்கிமலைச் சிலுவையின் பகலவி எழுத்துகள் பல நூற்றாண்டு பிந்தியவை. பழமையான கிறித்தவ வணிகர் குடியிருப்பு இங்கே இருந்ததற்கு அவை சான்று, அப்போஸ்தலர் வந்ததற்குச் சான்று அல்ல. இதைச் சொல்லும் நாம், நம் ஊர்த் தலபுராணங்களின் ஆண்டுக்கணக்கையும் இப்படியே கேட்க வேண்டும்.

பொதுவாழ்வில் மிகக் கூர்மையான கேள்வி பட்டியல் சாதித் தகுதி பற்றியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அத்தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவரான சூசை, பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் வழக்கு தள்ளுபடியானது.

கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது மறைநூலின் சொல். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கருக்குள்ளேயே மூண்ட சாதி மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போன இரண்டு உயிர்களும் நடப்பு. மதம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அரசு அப்படியே நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில் ஓர் ஏழைத் தொழிலாளியைத் திருப்பி அனுப்பும்போது பகுத்தறிவாளர் நிற்க வேண்டிய இடம் அவர் பக்கம். தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி தருவதை மதமாற்றத்துக்குக் கொடுக்கும் சலுகை என்று பேசும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. தலித் கிறித்தவரைப் பற்றி ஆராய 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. 1985-இல் நீதிமன்றம் இல்லையென்று சொன்ன சான்று கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரிலும், தேர்ப்பவனி நுழையாத தெருவிலும், சபைக்குள்ளேயே சாதி பார்த்து முடியும் திருமணங்களிலும் கிடக்கிறது. அதை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யும் வேலையில் விசுவாசியும் நாத்திகரும் சேர்ந்தே இறங்கலாம்.