காட்13 கிடைக்காதபோது: மாற்றுத் தேர்வுக்கு ஓர் அளவுகோல்

ரோடு பைக் வாங்குகிறவர் முதல் தேர்வுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கிறார். மாற்றுத் தேர்வுக்கு அரை மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. அந்த சைஸ் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது எனக் கடைக்காரர் கைவிரித்ததும், ஏமாற்றமும் அவசரமும் சேர்ந்து கண்ணில் பட்டதை எடுக்க வைக்கின்றன. பெருந்தொற்றின்போது, 2020-21இல், உலகம் முழுவதும் இதுதான் நடந்தது. தேவை திடீரெனப் பெருகியது. கியர் தொகுதிகள் வந்துசேரவில்லை. கேட்டது கிடைக்காதவர்கள் கிடைத்ததை வாங்கினார்கள். அந்தத் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது. ஆனால் விரும்பிய மாடல், விரும்பிய சைஸ், விரும்பிய கியர் தொகுதி மூன்றும் ஒருங்கே கிடைப்பதற்கு இன்றும் உத்தரவாதமில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற சமாதானம் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும் பொருளுக்குப் போதாது. மாற்றைத் தேர்வதற்கும் ஒரு முறை வேண்டும். அந்த முறையை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு: கேனன்டேல் காட்13, டிஸ்க் பிரேக், ஷிமானோ 105, சைஸ் 54. முதல் தேர்வாக இருக்கத் தகுதியுள்ள சைக்கிள் இது. 1997இல் ஜிரோ டி இத்தாலியாவை இவான் கோட்டி கேனன்டேல் அலுமினியத்தில் வென்றார்; 1998இல் பியாங்கி அலுமினியத்தில் மார்கோ பந்தானி டூர் டி ஃபிரான்ஸ் வென்றார். அதன்பின் போட்டியின் உச்சி கார்பனுக்குப் போய்விட்டது. அலுமினியம் மலிவு விலைப் பட்டியலுக்கு இறங்கிய பிறகும், பந்தய சைக்கிளாக அதைத் தொடர்ந்து செம்மைப்படுத்திய வரிசைகளில் காட் முதன்மையானது. 2019இல் வந்த காட்13, தன் முன்னோரின் உருண்டைக் குழாய்களைக் கைவிட்டு, பின் தண்டுகளைத் தாழ்த்தி, 30 மி.மீ. டயருக்கு இடம் கொடுத்தது. குலுக்கல் குறைந்தது, பழைய காட் வடிவத்தின் எளிமையும் போனது. சீட்போஸ்ட் அதற்கே உரிய டி வடிவம், வேறெதுவும் பொருந்தாது. பாட்டம் பிராக்கெட் மரையில்லாத, அழுத்திப் பொருத்தும் வகை. அதாவது, முதல் தேர்வும் குறையற்றதல்ல. மாற்றை எடைபோடும்போது இதை மறந்துவிடுகிறவர்கள், நிஜ சைக்கிளை ஒரு கற்பனை சைக்கிளோடு ஒப்பிடுகிறார்கள்.

வழக்கிலுள்ள மாற்றுமுறைகள் மூன்று, மூன்றும் பிழையானவை. முதலாவது, அதே விலையில் வேறொன்று. விலை தயாரிப்பாளரின் கணக்கைச் சொல்கிறது, ஓட்டுபவரின் உடலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது, அதே கியர் தொகுதி. இது நியாயமாகத் தோன்றும். ஆனால் 105 என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் உள்ளன. 2018இன் ஆர்7000 கேபிளில் இயங்கும் 11 வேகத் தொகுதி. 2022இல் வந்தது மின்னணு 12 வேகம். 2023இல் வந்தது கேபிளில் 12 வேகம். தவிர, 105 என்று விற்கப்படும் முழு சைக்கிளில் கிராங்கும் செயினும் வேறு நிறுவனத்துடையதாக இருப்பது சகஜம். எல்லாவற்றுக்கும் மேலாக, கியர் தேயும் பொருள், மாற்றக்கூடியது. மாற்ற முடியாத ஃப்ரேமை மாற்றக்கூடிய கியரை வைத்துத் தேர்வது, வரிசையைத் தலைகீழாக்குவது. மூன்றாவது முறை, அதே மாடலில் அடுத்த சைஸ். இதைப் பிறகு பார்ப்போம். பொதுவாகச் சொல்லப்படுவதைவிட இதன் கணக்கு சிக்கலானது.

சரியான வரிசை இது. முதலில் ஓட்டும் நிலை: கை, இடுப்பு, பாதம் மூன்றும் முதல் தேர்வில் எங்கே இருந்திருக்குமோ அங்கேயே இருக்க வேண்டும். இரண்டாவது, ஃப்ரேமோடு பிறந்து ஃப்ரேமோடு சாகும் பண்புகள்: டயர் இடம், பாட்டம் பிராக்கெட் வகை, கேபிள் செல்லும் வழி. கடைசியில்தான் சக்கரம், கியர், சீட் போன்ற மாற்றக்கூடியவை. நிறமும் பெயரும் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஓட்டும் நிலையை அளக்க இரண்டு எண்கள் உள்ளன: ஸ்டாக், ரீச். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக்; எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்பது ரீச். 54 என்ற சைஸ் முத்திரைக்கு நிறுவனங்களுக்கிடையே பொதுவான பொருள் இல்லை. ஜயன்டில் அந்த எண்ணே கிடையாது, எம் என்ற எழுத்துதான். டாப் டியூப் நீளமும் நம்பத்தகாதது. சீட் டியூப் ஒரு டிகிரி சாய்ந்தால், அந்த நீளம் சுமார் 10 மி.மீ. மாறும், ஹேண்டில்பார் இம்மியும் நகராமலே. ஸ்டாக்கும் ரீச்சும் இந்த மயக்கத்துக்கு அப்பாற்பட்டவை.

இன்னொரு கணக்கு. ஸ்டெமுக்கு அடியில் ஸ்பேசர் அடுக்கினால் ஹேண்டில்பார் உயர்வது மட்டுமில்லை, ஹெட் டியூபின் சாய்வு காரணமாகப் பின்னாலும் வரும்: 10 மி.மீ. ஸ்பேசருக்குச் சுமார் 3 மி.மீ. ரீச் குறையும். தாழ்ந்த ஃப்ரேமை ஸ்பேசரால் உயர்த்தலாம், ஓரளவு வரை. உயர்ந்த ஃப்ரேமை அதன் ஸ்டாக்குக்குக் கீழே இறக்க ஸ்பேசரால் முடியாது. மாற்றுத் தேர்வின் இலக்கணம் இந்தச் சமனின்மையில் இருக்கிறது.

காட்13 சைஸ் 54இன் ஸ்டாக் சுமார் 555, ரீச் 384 மி.மீ. ஆனால் இலக்கு இந்த ஃப்ரேம் எண் அல்ல. ஸ்பேசரே இல்லாமல் ஓட்டுபவருக்கு இலக்கு 555, 384. 20 மி.மீ. ஸ்பேசரோடு ஓட்டுபவருக்கு இலக்கு 575, 378. ஒரே சைக்கிளை விரும்பிய இருவருக்கு இரண்டு வேறு மாற்றுகள் தேவைப்படலாம் என்பது இங்கேயே தெளிவாகிறது. இனி, வரிசையாக நான்கு சைக்கிள்கள்.

முதலில் ட்ரெக் எமோண்டா ஏ.எல்.ஆர். சைஸ் 54: 541, 384. ரீச் அச்சாக அதே. உயரம் 14 மி.மீ. குறைவு. 14 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 555, 380 வருகிறது, நான்கு மி.மீ. வித்தியாசத்தைக் கை உணராது. பாட்டம் பிராக்கெட் டி47, மரையுள்ளது, சீட்போஸ்ட் 27.2 மி.மீ. உருண்டை, எங்கும் கிடைப்பது. இந்த இரண்டிலும் காட்13ஐ விட மேல். டயர் இடமோ 28 மி.மீ. மட்டும். இன்றைய அகல ரிம்களில் 28 என்று அச்சிட்ட டயரே 29, 30 வரை விரியும். அப்போது ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே மிச்சமிருப்பது மெல்லிய சந்துதான், ஒரு ஜல்லித் துண்டு சிக்கினால் பெயின்டோடு போகும். நம் சாலைகளில் இது சிறு குறையல்ல. பராமரிப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு: கேபிள்கள் ஸ்டெமுக்கு அடியில் ஓடி ஹெட்செட்டின் மேல் பேரிங் வழியாக உள்ளே இறங்குகின்றன. பார்க்கச் சுத்தம். ஆனால் அந்தப் பேரிங்கை மாற்றும் நாளில் ஹைட்ராலிக் பிரேக் குழாயையும் கழற்றி, ஆயில் ஊற்றி, காற்று எடுக்க வேண்டும். காட்13இல் இந்த வேலை இல்லை. அதன் கேபிள்கள் வெளியே வளைந்து டவுன் டியூபுக்குள் நுழைகின்றன.

இரண்டாவது, ஸ்பெஷலைஸ்டு அலே ஸ்பிரின்ட், 2022இன் வடிவம். சைஸ் 54: 544, 384. அதே நிறுவனத்தின் கார்பன் டார்மாக் எஸ்.எல்.7இன் வடிவக் கணக்கு அப்படியே அலுமினியத்துக்கு வந்திருக்கிறது. 11 மி.மீ. ஸ்பேசரோடு 555, 381. எமோண்டாவை விட ஒரு மயிரிழை நெருக்கம். டயர் இடம் 32 மி.மீ.; பாட்டம் பிராக்கெட் பழைய பி.எஸ்.ஏ. மரை, மெக்கானிக் யாரிடமும் கருவி இருக்கும். ஹெட் டியூபை அருகில் போய்ப் பார்த்தால் இதன் உழைப்பு தெரியும்: வழக்கமாகக் குழாய்கள் சந்திக்கும் மூலையில் வெல்டு இருக்கும்; இதில் வெல்டு மூலையை விட்டு விலகி, டவுன் டியூபின் மேல் வளையமாக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் அதிகமாக விழும் இடத்திலிருந்து இணைப்பை நகர்த்திய யோசனை அது. வெறும் அலங்காரம் அல்ல. விறைப்பு அதன் பலன். விறைப்பே அதன் குறையும். குறுகிய சுற்றுப் பந்தயத்துக்குப் பிறந்த ஃப்ரேம், நாள் முழுக்க ஓட்டும் முதுகைப் பொருட்படுத்தாது. சீட்போஸ்ட் தனி வடிவம். கேபிள்கள் இதிலும் ஹெட்செட் வழியேதான்.

மூன்றாவது, கார்பன் ஃப்ரேம் கொண்ட ஜயன்ட் டி.சி.ஆர். அட்வான்ஸ்டு, சைஸ் எம்: 545, 388. 10 மி.மீ. ஸ்பேசரோடு 555, 385. எண்கணக்கில் நான்கில் மிக நெருங்கியது இதுவே, 30 மி.மீ. ஸ்பேசரோடு 575, 379 என்று இரண்டாவது இலக்கையும் தொட்டுவிடுகிறது. வடிவமைப்பாளர் மைக் பரோஸ் 1990களில் டாப் டியூபைச் சரித்து, சின்ன ஃப்ரேமில் பல உடல்களைப் பொருத்திய சிந்தனை இன்னும் வேலை செய்கிறது. டயருக்கு 32 மி.மீ. இடம். எடையிலும் குலுக்கலை விழுங்குவதிலும் முன்னணி. இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: காட்13ஐ ஏன் தேர்ந்தீர்கள்? கீழே விழுந்தாலும் பேருந்தின் வயிற்றில் திணித்தாலும் பதறாமல் இருக்கலாம் என்பதற்காக அலுமினியத்தைத் தேர்ந்தவருக்கு, டி.சி.ஆர். உடலுக்குப் பொருந்தும், நோக்கத்துக்குப் பொருந்தாது. கார்பனில் விழும் அடி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கக்கூடும். பாட்டம் பிராக்கெட்டும் காட்13 போலவே அழுத்திப் பொருத்துவது, முன்னேற்றம் இல்லை.

நான்காவது, ட்ரெக் டொமானே ஏ.எல். பந்தய சைக்கிளைக் கேட்டவரிடம் இதை நீட்டினால் முகம் சுளிப்பார். சைஸ் 54: 575, 374. ஸ்பேசரின்றி ஓட்டுபவருக்கு இது கதவடைப்பு, 20 மி.மீ. கீழே இறங்க வழியே இல்லை. ஆனால் 20 மி.மீ. ஸ்பேசரோடு ஓட்டப்போகிறவரின் இலக்கு 575, 378 என்று கண்டோம். டொமானே அதை ஒரு ஸ்பேசர்கூட இல்லாமல், நான்கு மி.மீ. வித்தியாசத்தில் எட்டுகிறது. அதே உயரத்துக்கு எமோண்டாவில் 34, அலே ஸ்பிரின்டில் 31 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், கார்பன் ஸ்டியரர் மீது இவ்வளவு அடுக்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. 35 மி.மீ. டயருக்கும் மட்கார்டுக்கும் இடமுண்டு. எடை கூடுதல், சக்கர இடைவெளி நீளம், வளைவில் திரும்பும் சுறுசுறுப்பு குறைவு என்பவை உண்மையான குறைகள். 200 கி.மீ. பிரவே என்ற நெடுந்தூர ஓட்டத்தை அதன் 13 மணி 30 நிமிட வரம்புக்குள் முடிக்க நினைப்பவருக்கு இந்தக் குறைகள் பொருட்படுத்தத் தேவையில்லாதவை. சுற்றுப் பந்தயக்காரருக்கோ தீர்ப்பை முடித்துவிடுபவை.

இனி, தள்ளிவைத்த மூன்றாம் முறை: காட்13இலேயே சைஸ் 56. ஸ்டாக் சுமார் 575, ரீச் 389. ஸ்பேசர் இல்லாமல் ஓட்டுபவருக்கு இது அறவே ஆகாது. 20 மி.மீ. ஸ்பேசர்காரருக்கு உயரம் சரி, நீளம் 11 மி.மீ. அதிகம், ஸ்டெமை 10 மி.மீ. குறைத்தால் சரிக்கட்டலாம். ஆக, எப்போதுமே தவறு என்பதும் தவறு. ஆனால் ஸ்டெமைக் குறைத்துச் சரிசெய்த நிலைக்குக் கீழே இறங்க இடமே மிஞ்சாது. உடல் இளகி ஹேண்டில்பாரைத் தாழ்த்த விரும்பும் காலத்தில் அந்த சைக்கிள் முட்டுக்கட்டை. கீழே இறங்க இடமின்மை டொமானேவுக்கும் உண்டு; ஆனால் அதே இலக்கை ஸ்டெமை மாற்றாமலே எட்டும் அது இருக்கும்போது, பெயருக்காக இந்தத் திருத்தத்தைச் சுமப்பதில் அறிவில்லை.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. ஹெட்செட் மூடியின் உயரம் ஸ்டாக் எண்ணில் சேராது. சில சைக்கிள்களில் அது ஐந்து மி.மீ., சிலவற்றில் இருபதைத் தொடும். ஹேண்டில்பாரின் சொந்த ரீச் 70 முதல் 85 மி.மீ. வரை மாறும். ஆகவே கடையில் டேப்பை எடுத்து, சீட் முனையிலிருந்து பிரேக் ஹூட் வரை அளந்து பார்ப்பதுதான் இறுதிச் சான்று. எண்கள் அதுவரை கொண்டுவந்து விடுபவை மட்டுமே. அளவுகளுக்கு அப்பால், பழைய இருப்பில் உயர் ரகத் தொகுதி தள்ளுபடியில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2023இல் ஷிமானோ பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது 11 வேக அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளை, 105 அந்தப் பட்டியலில் இல்லை.

தீர்ப்பு: ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, பந்தயத்துக்காகவே காட்13ஐக் கேட்டவருக்கு மாற்று அலே ஸ்பிரின்ட். எமோண்டா அதற்கு நிகரான வடிவம் கொண்டது, சீட்போஸ்டில் அதைவிட நேர்மையானது, 28 மி.மீ. டயர் இடத்தால் தோற்கிறது. அலுமினியம் நிபந்தனையல்ல என்றால் டி.சி.ஆர். மாற்று மட்டுமல்ல, காட்13ஐ விடச் சிறந்த சைக்கிள். 20 மி.மீ. ஸ்பேசரோடு ஓட்டப்போகிறவர்களுக்கு டொமானேதான் சரி. அவர்களுக்கு அது முதல் தேர்வாகவே இருந்திருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றும் உங்கள் இலக்குக்கு ஐந்து மி.மீ.க்குள் வராவிட்டால், வாங்காதீர்கள்; காத்திருங்கள்.